அறுநூறு கப் ஜெல்லி

தம்பிதுரைக்கு அன்றைக்குப் பொழுது விடிந்ததும் விடியாததுமாக ஓர் அன்னாசிப் பழத்தின் மேல் கோபம். மனிதர்கள் மேல் என்றால் நாலு வார்த்தை கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். அவன் அப்படித் தீர்த்துக்கொள்கிறவன்தான். பழத்தை என்ன கேட்பது? மேட்டுப்பாளையம் மண்டிக்குத் தானே போய், ஒவ்வொன்றாக மூக்கில் வைத்துப் பார்த்துப் பொறுக்கி வந்த பழம். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, மாப்பிள்ளை வீட்டாரின் முதல் பந்திக்கென்று நாற்பது கப் ஜெல்லியில் போட்டு, நேற்றுச் சாயங்காலமே ஐஸ் தொட்டியில் இறக்கியிருந்தான். பழம் போடாத மற்ற அறுநூறு கப்பும் அருமையாக உறைந்து நிற்க, பழம் போட்ட நாற்பது மட்டும் சிவப்புத் தண்ணீராகவே கிடந்தன.

"மண்டிக்காரன் புளிச்ச பழத்த என்ற தலையில கட்டிப்போட்டான்," என்றான் தம்பிதுரை.

"பழம் புளிக்கலீங் மாஸ்டர். நான் ஒரு துண்டு தின்னு பாத்தேன்," என்றாள் தெய்வாத்தாள், பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தாமல்.

தம்பிதுரை அவிநாசியிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவன். நாற்பது தாண்டியவன். கைமணம் நிஜம், வாய்நீளமும் நிஜம். தெய்வாத்தாள் அவனிடம் பதினோரு வருஷமாகக் காய் நறுக்குகிற பெண்களுக்குத் தலைவி. அவனைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அடுப்புப் பக்கம் அவளுக்கு வேலை கிடையாது. அடுப்பு மாஸ்டருடையது என்பது தம்பிதுரை போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை அவள் ஒருநாளும் மீறியதில்லை. ஆனால் அரிவாள்மணையில் உட்கார்ந்தபடியே அடுப்பில் நடக்கிற அத்தனையும் அவளுக்குத் தெரிந்துவிடும். அதுதான் அவனுக்கு அவளிடம் பிடிக்காத விஷயம்.

தொண்ணூற்றேழாம் வருஷத்துத் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவிநாசியில் பஞ்சு மில் வைத்திருந்த திருமூர்த்தியின் மகளுக்குக் கல்யாணம். திருமூர்த்தி ஒருமுறை பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலில் சாப்பிட்டாராம். கடைசியில் கொண்டுவந்து வைத்த ஜெல்லி, தட்டைத் தொட்டாலே ஆடியதாம். அந்த ஆட்டம் அவர் மனதை விட்டுப் போகவில்லை. "அதே மாதிரி ஆடோணும் தம்பி," என்று சொன்னவர், அடுத்த மூச்சிலேயே, "ஆனா சுத்த சைவமா இருக்கோணும். நானும் மாலை போட்டிருக்கறேன், என்ற ஒறம்பரை, சொந்தபந்தத்துல பாதிப் பேரு போட்டிருக்கறாங்க," என்றார்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் மாலை போட்டுவிட்டால் கவிச்சி கையால்கூடத் தொடமாட்டார்கள். தம்பிதுரையின் கழுத்திலும் அந்த மாலை கிடந்தது. அதைத் தொட்டுக்காட்டித்தான் அவன் சொல்லியிருந்தான். "கடல்பாசிலதானுங்கண்ணா செய்வேன். கடல்ல மொளைக்கிறது. கீரையாட்டத்தானுங்க."

கடல்பாசியில் அவன் பலமுறை இனிப்பு செய்தவன்தான். அது உறையும், ஆனால் ஆடாது, விறைப்பாக நிற்கும். எப்படி ஆடவைப்பது என்று யோசித்துக்கொண்டே கோயமுத்தூரில் தான் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் நரசிம்மலுவின் மளிகைக்குப் போனால், அங்கே கடல்பாசியே இல்லை. ரம்ஜான் நோன்பு நடக்கிற மாதம். நோன்பு திறக்கக் கடல்பாசி செய்கிற வீடுகள் மொத்தமும் வாங்கிப் போய்விட்டிருந்தன. நரசிம்மலு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையில் வெளிர்மஞ்சள் பொடி கொண்டுவந்தார். "பேக்கரிக்காரங்க இதத்தானுங்க வாங்கறாங்க. புட்டிங் பவுடரு. கடல்பாசிய அரைச்சாப்பல, அதே வேலையச் செய்யும்," என்றார். அவருக்கே அப்படித்தான் நினைப்பு. பையின் மேல் எழுத்து ஒன்றும் இல்லை.

அந்தப் பொடி செய்த வேலையைப் பார்த்து தம்பிதுரை கிறங்கிப்போனான் என்றுதான் சொல்லவேண்டும். கப்பைச் சாய்த்தால் ரோஜா நிற ஜெல்லி ஒருபக்கம் லேசாகக் குலுங்கி, மறுபடி நிமிர்ந்து நின்றது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கத்து விரல் தெரிந்தது. நாக்கில் வைத்தால் பல்லுக்கு வேலையே இல்லை, தானாகக் கரைந்து தொண்டைக்குள் போனது. இருபது வருஷச் சமையலில் இப்படி ஒன்றைத் தன் கையால் செய்ததில்லை என்று அவன் தனியாக நின்று சிரித்துக்கொண்டான்.

காலை ஆறு மணிக்குத் திருமூர்த்தி சமையற்கட்டுக்கு வந்தார். ஒரு கப்பை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். குழந்தையாகச் சிரித்தார். தின்றார். "இன்னொண்ணு குடுங்க தம்பி," என்று கேட்டு இரண்டாவதையும் தின்றுவிட்டு, தம்பிதுரையின் தோளில் தட்டிவிட்டுப் போனார். தட்டின இடம் ரொம்ப நேரம் சூடாக இருந்தது.

அவர் தலை மறைந்ததும் தெய்வாத்தாள் எழுந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங் மாஸ்டர், ஒரு பேச்சு," என்றாள்.

"சொல்லுங்கக்கா."

"இது கடல்பாசி இல்லீங்க."

தம்பிதுரைக்குச் சுள்ளென்று ஏறியது. "காய் நறுக்கற வேலையப் பாருங்கக்கா."

"பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன். கடல்பாசிய எறக்கி வெச்சுத் திரும்பறதுக்குள்ள ஒறைஞ்சு போயிரும், ஐஸே வேண்டாமுங்க. இது ராத்திரி பூரா ஐஸ்லயே கெடந்தாத்தான் நிக்குது. அந்த ஓரத்து கப்ப அடுப்புப் பக்கத்துல வெச்சீங்கல்ல, அது எளகிப்போச்சு. கடல்பாசி அடுப்புச் சூட்டுக்கெல்லாம் எளகாதுங்க. அன்னாசி போட்டது ஒறையவே இல்ல. போன வருசம் கடல்பாசில அன்னாசி போட்டமே, கல்லாட்ட நின்னுச்சில்லீங்களா?"

"அதனால?"

தெய்வாத்தாள் கொஞ்சம் தயங்கினாள். "அன்னாசி சதையத் திங்குமுங்க. நெறையத் தின்னா நாக்கே எரியுதில்லீங்களா? சதையத் திங்கறது எதத் தின்னிருக்குதோ, அது சதை வகையோன்னு எனக்கு ஒரு சந்தேகமுங்க."

தம்பிதுரை சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கறிக்குழம்பில் முற்றின ஆடு வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறவன் அவன். சதையைத் தின்கிற காய் என்று ஒன்று உண்டு என்பது அவனுக்குத் தெரியாததில்லை.

தெய்வாத்தாளுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். அவன் கூட்டத்தில் சேர்வதற்கு முன்னால் அவள் ஆறு வருஷம் பப்பாளித் தோட்டத்தில் பால் எடுக்கிற வேலை செய்தவள். பச்சைக்காயில் பிளேடால் நாலு கோடு கிழித்து, வடிகிற பாலைக் கீழே சாக்கு கட்டிச் சேர்த்து, கம்பெனிக்கு அனுப்புவார்கள். அந்தப் பால் அவள் விரல் நுனிகளைத் தின்று வழுவழுப்பாக்கியிருந்தது. ரேஷன் கார்டுக்கு ரேகை வைக்கப் போனபோது மை மட்டும்தான் பதிந்ததாம்.

"பொறகால சாக்கடையோரத்துல ஒரு பப்பாளி நிக்குதுங்க," என்றாள் அவள். "ஒரு மணி நேரம் குடுங்க. தப்பா இருந்தா என்னையத் திட்டிக்கலாமுங்க."

திட்டுவதற்கு உத்தரவு கிடைத்த சந்தோஷத்தில் தம்பிதுரை சரி என்றான்.

அவள் செய்ததைப் பார்த்தால் யாரும் காய் நறுக்குகிறவள் என்று சொல்லமாட்டார்கள். சாமான் பெட்டியின் அடியில் போன கல்யாணத்தில் மிஞ்சின கடல்பாசி ஒரு பிடி கிடந்தது. அதைக் காய்ச்சி ஒரு கப்பில் ஊற்றினாள். அது பத்து நிமிஷத்தில் உறைந்தது. அப்புறம் ஐஸ் தொட்டியிலிருந்து, பொடியில் செய்த ஜெல்லி இரண்டு கப் எடுத்தாள். பப்பாளிக்காயைக் கீறி வந்த பாலைக் கடல்பாசி கப்பில் கொஞ்சம், ஜெல்லி கப் ஒன்றில் கொஞ்சம் விட்டாள். மூன்றாவது கப்பை ஒன்றும் செய்யாமல் விட்டாள்.

"அதெதுக்கு சும்மா?" என்றான் தம்பிதுரை.

"சூட்டுல எளகிப்போச்சுன்னு அப்பறமேல்ட்டு நீங்க சொல்லுவீங்கல்லங்க, அதுக்கு."

மூன்றையும் ஒரே ஐஸ் தொட்டியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் பீன்ஸுக்குத் திரும்பினாள். தம்பிதுரை சாம்பாரைக் கிண்டினான், அவியலுக்குத் தேங்காய் அரைக்கச் சொன்னான், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தொட்டியை எட்டிப் பார்த்தான். கழுத்து மாலையைக் கை தானாகத் தேடிக்கொண்டிருந்தது.

ஏழரை மணிக்கு அவளே வந்து மூடியிருந்த ஈரத்துணியை எடுத்தாள். கடல்பாசி பாலைச் சுமந்துகொண்டு அப்படியே நின்றது. சும்மா விட்ட ஜெல்லியும் நின்றது, ஆடியும் காட்டியது. பால் விட்ட ஜெல்லியின் நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் குழி. குழியில் சிவப்புத் தண்ணீர். தெய்வாத்தாள் கப்பைச் சாய்த்தாள். தண்ணீர் தரையில் ஓடியது.

தம்பிதுரை பக்கத்திலிருந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். அவன் திட்டவில்லை. பதினோரு வருஷத்தில் அவளை அவன் அப்படி நிமிர்ந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

மண்டபத்து ஆபீஸ் அறையில் போன் இருந்தது. தம்பிதுரையின் சட்டைப்பையில் ஒரு விசிட்டிங் கார்டு இருந்தது. ஹபீபுன்னிசா என்று பெயர். கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் உணவு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவர். போன வருஷம் சமையல் காண்ட்ராக்டர்களைக் கூப்பிட்டு, சாப்பாடு கெடாமல் வைப்பது எப்படி என்று ஒருநாள் வகுப்பு எடுத்தார். தம்பிதுரை அங்கே தூங்கியதை அவர் பார்த்துவிட்டார். அப்படியும் கார்டு கொடுத்திருந்தார்.

அவன் எல்லாவற்றையும் கொட்டினான். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "பப்பாளிப் பால் விட்டுப் பாத்தது யாருங்க?" என்றார் அவர்.

"எங்க காய் நறுக்கற அக்காங்க."

"சும்மா ஒரு கப்பும் வெச்சுப் பாத்தாங்களா? எங்க பிள்ளைங்க மூணு வருஷம் படிச்சும் அத மறந்துர்றாங்க." அவர் குரலில் நிஜமான சந்தோஷம் இருந்தது. "அவங்க கண்டுபிடிச்சது சரிதானுங்க. அது ஜெலட்டின்."

"கெணத்துக்கு வெடி வெக்கற ஜெலட்டின் குச்சிங்களா?"

"அது வேறங்க. இது எலும்பு, தோல் இதுகள வாரக்கணக்குல ஊறவெச்சு, சுத்தம் பண்ணி, காய்ச்சி எடுக்கற சத்து. ஐஸ்கிரீம்ல போடறாங்க, மிட்டாய்ல போடறாங்க, நீங்க முழுங்கற கேப்ஸ்யூல் மாத்திரைக்குத் தோலே அதுதான்."

"உடம்புக்குக் கெடுதலுங்களா மேடம்? கல்யாண வீட்டு அண்ணன் ரண்டு கப்பு தின்னுபோட்டாரு."

"சாப்பாட்டுக்குன்னு செஞ்ச சரக்கா இருந்தா ஒண்ணும் ஆகாதுங்க. ஒலகம் பூரா நூறு வருஷமா சாப்பிடறாங்க. போன வருஷம் இங்கிலாந்துல மாட்டு நோய் வந்தப்ப இதப் பத்தியும் ஒரு கேள்வி வந்துச்சு, இன்னும் ஆராய்ஞ்சுட்டுத்தான் இருக்காங்க. ஆனா ரண்டு கப்புக்காக நீங்க பயப்பட வேண்டாம். பசை காய்ச்சறதுக்குன்னும் ஒரு வகை வருது, அது மட்டும் ஆகாது. உங்க பாக்கெட்ல என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணுமே எழுதலீங்க."

"அப்ப எது வந்திருக்குதுன்னு எனக்கும் தெரியாதுங்க. மொதல்ல கடைக்காரர்கிட்ட மூல டப்பாவப் படிக்கச் சொல்லுங்க."

தம்பிதுரை கடைசியாக ஒன்று கேட்டான். கேட்கும்போது அவனுக்கே குரல் இறங்கிவிட்டது. "நல்ல சரக்குன்னே வெச்சுக்குங்க. அப்ப... பரிமாறலாங்களா?"

"கெடுதலா இல்லையான்னு கேட்டா நான் சொல்லுவேன். சாப்பிடலாமா வேண்டாமான்னு சாப்பிடறவங்கதான் சொல்லணும். அதுக்கு அவங்களுக்குத் தெரியணுமில்லீங்களா? நானே, எதுல இருந்து எடுத்ததுன்னு தெரியாம தொட மாட்டேன். நோன்பு இல்லாத நாள்லயும் தொட மாட்டேன்." அப்புறம் அவர் சட்டென்று காரியத்துக்கு வந்தார். "உங்களுக்கு இப்பக் கடல்பாசிதான வேணும்? அவிநாசிலயே பள்ளிவாசல் பக்கத்துக் கடைகள்ல பாருங்க. நோன்பு மாசம், கண்டிப்பா வெச்சிருப்பாங்க."

நரசிம்மலுவைப் போனிலேயே தூக்கத்திலிருந்து எழுப்பிக் கிடங்குக்கு அனுப்பினான். பத்து நிமிஷம் கழித்து அவர் டப்பாவின் மேல் இருந்த ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். உணவுக்குரிய ஜெலட்டின் என்று இருந்தது. எலும்பிலிருந்து எடுத்தது என்றும் இருந்தது. எந்த விலங்கின் எலும்பு என்று இல்லை. "மூணு வருசமா விக்கறனுங்க," என்றார் நரசிம்மலு. "டப்பாவ இன்னிக்குத்தான் படிக்கறேன்." அவர் குரல் அழுகிற மாதிரி இருந்தது. தம்பிதுரைக்குத் திட்ட வாய் வரவில்லை. அவனும்தான் டப்பாவைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

டெம்போ டிரைவரைப் பள்ளிவாசல் பக்கம் விரட்டிவிட்டுச் சமையற்கட்டுக்குத் திரும்பினான். விஷயத்தைத் தெய்வாத்தாளிடம் சொன்னான். சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "ஐஸ் பத்தாமப் போயி எளகிருச்சுன்னு சொல்லிப்போட்டு அறுநூறையும் கொட்டிரலாங்கக்கா. கடல்பாசிய வெச்சு சமாளிச்சுக்கலாம். ஒருத்தருக்கும் தெரியாது," என்றான்.

"கொட்டிரலாமுங்க," என்றாள் தெய்வாத்தாள். "அண்ணன் தின்ன ரண்டு கப்ப எங்கீங்க கொட்டறது?"

அவ்வளவுதான் சொன்னாள். இன்னொரு வார்த்தை சொல்லியிருந்தால் தம்பிதுரை சண்டை பிடித்திருப்பான், சண்டையில் ஜெயித்தும் இருப்பான். அவள் போய்க் கொத்தமல்லி ஆயத் தொடங்கிவிட்டாள். அவனுக்குத் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. விரதம் இருக்கிற ஒரு மனிதர், மகள் கல்யாணத்தன்று, இவன் கழுத்து மாலையைப் பார்த்து நம்பித் தின்றிருக்கிறார். அவருக்குத் தெரியாமலே அவர் பழனிக்கு நடக்கப்போகிறார். இரண்டு பேரும் ஒரே பாதயாத்திரைக் கூட்டம், பக்கத்திலேயே தானும் நடக்கவேண்டும். ஐந்து நாள் நடை. ஐந்து நாளும் வாயை மூடிக்கொண்டு நடக்க முடியுமா?

டிரைவர் மூன்று கடைகளைத் துடைத்துப் பத்தொன்பது பாக்கெட் கடல்பாசியோடு வந்தான். அன்றைக்குத் தம்பிதுரை தன் சட்டத்தைத் தானே உடைத்தான். "அக்கா, நீங்க அடுப்புக்கு வாங்க," என்றான். தெய்வாத்தாள் கடல்பாசியைக் காய்ச்ச, அவன் இளநீரும் பாலும் சர்க்கரையும் பக்குவம் பார்த்தான். ஒன்பதரைக்குப் பெரிய தட்டங்களில் ஊற்றி முடித்தார்கள். காற்றாடி ஓடுகிற இடத்தில் வைத்ததும் அது தன்பாட்டுக்கு உறைந்துகொண்டிருந்தது.

மண்டபத்துக்குள், கொங்குக் கல்யாணங்களை நடத்திவைக்கிற அருமைக்காரர் சடங்குகளைச் செய்துகொண்டிருந்தார். தம்பிதுரை தோளில் துண்டோடு கடைசித் தூணோரம் நின்றான். தாலி கட்டுவதற்கு முன் சொல்லக்கூடாது, அந்த ஒரு நியாயம் அவன் பக்கம் இருந்தது. தாலி கட்டினார்கள். அந்த நியாயமும் முடிந்துபோயிற்று. திருமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சீர்த்தட்டுகள் வைத்திருந்த அறைக்குள் போனபோது, இவன் பின்னாலேயே போனான்.

ஒன்றையும் மறைக்கவில்லை. பொடி வாங்கியது, பையில் எழுத்தில்லாதது, பப்பாளிப் பால், எலும்பு, போன் பண்ணியது. "கண்டுபிடிச்சது நானில்லீங்கண்ணா, தெய்வாத்தாக்கா. நானா இருந்தா அறுநூறு பேருக்கும் வெச்சிருப்பேன். உடம்புக்கு ஒண்ணும் ஆகாதுன்னு படிச்சவங்க சொல்லிட்டாங்க. ஆனா ருசி பாத்த என்ற விரதத்தோட உங்க விரதத்தையும் நான் கெடுத்துப்போட்டேனுங்க."

திருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். வெளியே நாதஸ்வரம் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"இலைல அது வருதா?"

"இல்லீங்கண்ணா. கடல்பாசி ஊத்தியாச்சு. அந்த அறுநூறு கப்பும்... திங்கற பண்டந்தானுங்க, நல்ல சரக்கு. சொல்லிப்போட்டு, வேணுங்கறவங்களுக்குக் குடுக்கலாங்களா? இல்ல கொட்டிரட்டுங்களா?"

திருமூர்த்தி யோசித்தார். "மண்டபத்துக்குள்ள வேண்டாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெச்சுக்குங்க." கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "போயிப் பந்தியப் பாருங்க," என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பந்தி நடந்தது. எப்படி நடந்தது என்று தம்பிதுரையைக் கேட்டால் தெரியாது. இளநீர்க் கடல்பாசியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள் என்று பரிமாறுகிறவர்கள் வந்து சொன்னார்கள். அவன் தலையை ஆட்டினான். மனம் முழுக்கச் சீர்த்தட்டு அறையிலேயே நின்றுகொண்டிருந்தது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், வேன்கள் நின்ற இடத்தில், தெய்வாத்தாள் ஒரு மேஜை போட்டாள். அவளுக்கு எழுதவராது, அவள் சொல்லச் சொல்ல, பாத்திரம் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தம்பிதுரை எழுதினான். 'இந்த ஜெல்லியில் எலும்பிலிருந்து எடுத்த பொருள் இருக்கிறது. எந்த விலங்கு என்று எங்களுக்குத் தெரியாது. மாலை போட்டவர்களும் சைவம் சாப்பிடுகிறவர்களும் தொட வேண்டாம். உடம்புக்குக் கெடுதல் இல்லை.'

"தெரியாதுன்னு எதுக்குங்கக்கா எழுதறது? பாக்கறவன் ஓடிப்போயிருவான்."

"ஓடறவன் ஓடட்டுங்க. தெரியாததத் தெரியாதுன்னுதானுங்க எழுதோணும்."

முதலில் ஒருத்தரும் வரவில்லை. படித்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். அப்புறம் வேன் டிரைவர் ஒருவர் ஒரு கப்பை எடுத்துக் குலுக்கினார். அது ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்த்ததும் பக்கத்தில் நின்றவருக்கும் கை நீண்டது. பேண்டு வாசித்தவர்கள் கூட்டமாக வந்தார்கள். மாலை போடாத சொந்தக்காரர்கள், வேறு வேலையாக வந்த மாதிரி, ரோட்டைத் தாண்டினார்கள். எழுத்துத் தெரியாதவர் வந்தால் தெய்வாத்தாள் அட்டையை வாயால் சொன்னாள்; சொல்லி முடிக்கும்வரை கப்பைக் கையில் தரவில்லை. கழுத்தில் மாலையோடு வந்த ஒருவர் கெஞ்சினார். திருப்பி அனுப்பினாள். அறுநூறில் நானூறுக்கு மேல் போய்விட்டது. மிச்சம் வெயிலில் இளகியது.

கூட்டம் குறைந்ததும் தெய்வாத்தாள் தானும் ஒரு கப்பை எடுத்தாள். காலையிலிருந்து இதைக் கவிழ்க்கப் பாடுபட்டவள், ஸ்பூன்கூட இல்லாமல் வாயில் கவிழ்த்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு நாக்கிலேயே கரையவிட்டாள்.

"கடல்பாசியக் கடிச்சு மெல்லோணும்," என்றாள் கடைசியில். "இது நாக்குலயே எங்கியோ போயிருதுங்க. வெகு நேர்த்தியாச் செஞ்சிருக்கறீங் மாஸ்டர்."

தம்பிதுரைக்கு வாயில் எச்சில் ஊறியது. சமைத்தவன் அவன், இன்றைக்கு அந்த மேஜையில் அவனுக்கு உரிமை கிடையாது. மாலையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு எச்சிலை விழுங்கினான். இவளுக்கு அடுப்பை மறுத்த பதினோரு வருஷத்தை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் திருமூர்த்தி ரோட்டைத் தாண்டி வந்தார். அட்டையின் முன் நின்று ஒருமுறை படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இது ஆரு எழுதினது?"

"எழுத்து என்றதுங்கண்ணா. சொன்னது அக்கா."

திருமூர்த்தி தெய்வாத்தாளைப் பார்த்துக் கை கூப்பினார். அவள் பதறிப்போய், "பப்பாளிதானுங்க எல்லாஞ் செஞ்சுது," என்று மேஜையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"தம்பி," என்றார் அவர், "தெரியாமத் தின்னதுக்கு முருகன் என்னையக் கோவிச்சுக்க மாட்டான். நாளைக்கு தலைக்கு ஊத்திட்டு மறுபடியும் மாலை போட்டுக்குவேன், அவ்வளவுதான். நீங்க சொல்லாம விட்டிருந்தீங்கன்னா என்ற விரதம் கெட்டிருக்காது. உங்க விரதந்தான் கெட்டிருக்கும்."

தம்பிதுரைக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அத்தனை வேன்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"நாளைக்கு வெடியால ஆறு மணிக்கு அவிநாசிக் கோயிலுக்கு வந்துருங்க," என்றார் திருமூர்த்தி. "ரண்டு பேரும் ஒட்டுக்கா மாலை போட்டுக்கலாம்."

பின்னால் தெய்வாத்தாள், புதிதாக வந்த ஒரு டிரைவருக்கு அட்டையை முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.